கல் சுமந்த மூன்று வாரங்கள்

நம் ஊர்களில் இளைஞர் மன்றம் ஒன்று தொடங்கப்படுமானால் முதற் கூட்டத்திலேயே தலைவர், துணைத் தலைவர், செயலர், பொருளாளர் ஆகிய நால்வரையும் தெரிவு செய்துவிடுவோம். ஆற்ற வேண்டிய பணி யாது என்பது மூன்றாம் கூட்டத்திலும் முடிவாகியிராது. அத்தகைய மன்றம் ஒன்றில் நான்காண்டுகள் செயலராக இருந்த பழக்கத்தால் இதைச் சொல்கிறேன். தலைமை என்றவுடன் நம் பிள்ளைகளின் மனக்கண்ணில் மேடையும் ஒலிபெருக்கியும் தோன்றுகின்றன. அதற்கு அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. அவர்கள் கண்ட தலைவர்கள் எல்லாரும் மேடையில் நின்றவர்களே.

அண்மையில் எங்கள் தெருவில் குடியிருக்கும் நண்பர் ஒருவர் தம் மனைவியுடன் என்னைக் காண வந்தார். அவருடைய மூத்த மகளுக்கு வயது 22. ஜெர்மனியில் மாற்றுத்திறனாளிகள் வாழும் இல்லம் ஒன்றில் ஓராண்டு தொண்டாற்ற அவள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறாள். தங்குமிடமும் உணவும் கைச்செலவுக்குச் சிறு தொகையும் உண்டு, சம்பளம் கிடையாது. "ஒரு வருஷம் அந்நிய நாட்டில் ஊழியம் செய்து இவளுக்கு என்ன கிடைக்கப்போகிறது, சார்? இதே ஒரு வருஷத்தில் இங்கே ஒரு வேலையில் நிலைத்துவிடலாமே" என்றார் நண்பர். அவர் மனைவி ஒன்றும் பேசவில்லை. ஆனால் அவர் முகத்தில் வேறு பல கேள்விகள் இருந்தன.

பெற்றோர் இவ்வாறு கேட்பதில் தவறில்லை. கேட்காமல் பிள்ளையை விமானம் ஏற்றி அனுப்புவதே தவறு. அன்று அவர்களுக்குச் சுருக்கமாகச் சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

1986ஆம் ஆண்டு, எனக்கு 24 வயது நடக்கையில், சுவிட்சர்லாந்தின் மலைக்கிராமம் ஒன்றில் மூன்று வாரம் நடந்த பன்னாட்டுத் தொண்டர் முகாமில் பங்குகொள்ளும் வாய்ப்பு வந்தது. அழைத்தவர்கள் பயணச் செலவில் பெரும்பகுதியை ஏற்றனர். மீதியைத் தாய்மாமன் தந்தார். அத்தகைய முகாம்கள் எவ்வாறு தோன்றின என்பதை அங்கே போன பிறகே அறிந்தேன். அந்த வரலாறு நம் இளைஞர்கள் அறிய வேண்டிய ஒன்று.

முதல் உலகப் போரில் வெர்தன் என்னும் பிரெஞ்சு நகரைச் சுற்றி 1916ஆம் ஆண்டு முழுவதும் நடந்த பேரழிவில் ஊர்கள் பல தரைமட்டமாயின. அவற்றுள் ஒன்று எஸ்னே என்ற சிற்றூர். போர் ஓய்ந்து ஈராண்டு கழித்து, 1920ஆம் ஆண்டின் இறுதியில், பியேர் செரசோல் என்னும் சுவிஸ் நாட்டவர் சில தோழர்களுடன் அங்கே சென்று குடில்கள் கட்டவும் நிலத்தைச் சீர்படுத்தவும் தொடங்கினார். அத்தோழர்களுள் ஜெர்மானியரும் இருந்தனர். அழித்த நாட்டின் இளைஞர் அழிந்த ஊரைக் கட்டியெழுப்ப வந்தனர்! ஆனால் ஊர்மக்களின் மனப்புண் ஆறவில்லை. சில மாதங்களிலேயே முகாமைக் கலைக்க நேர்ந்தது. இன்று உலகெங்கும் கிளைவிட்டிருக்கும் 'சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல்' என்னும் இயக்கத்தின் முதற்பணி இவ்வாறு பாதியில் நின்ற பணியே.

இந்தச் செரசோல் எளிய குடியில் பிறந்தவர் அல்லர். இவருடைய தந்தையார் சுவிட்சர்லாந்தின் அதிபராகவே இருந்தவர். மகனோ தமக்கு வந்த பரம்பரைச் செல்வத்தை அரசுக்கே கொடுத்துவிட்டார். படைக்கான வரியைக் கட்ட மறுத்துச் சிறை சென்றார். ஆயினும் எனக்கு வியப்பளிப்பது அவருடைய துறவு அன்று. அவருடைய உடன்பிறந்தார் எர்னெஸ்ட் இராணுவத்தில் கர்னல். 1927ஆம் ஆண்டு ரைன் நதி கரையுடைத்து லிக்டன்ஸ்டைன் என்ற சின்னஞ்சிறு நாட்டை மண்ணிலும் கல்லிலும் மூழ்கடித்தது. மறு ஆண்டு பல நாடுகளிலிருந்து 700க்கும் மேற்பட்ட தொண்டர்கள் அங்கே வந்து வயல்களைத் துப்புரவாக்கினர். அந்தப் பெரும்பணியை நடத்த அனுபவம் உள்ளவர் யார் என்று பார்த்து, துப்பாக்கியைத் தொடமாட்டேன் என்றவர் தம் கர்னல் சகோதரரையே துணைக்கொண்டார். கொள்கையில் மாறுபட்டவரிடமும் வேலை அறிவு இருந்தால் அதற்குத் தலைவணங்கலாம் என்ற பெருந்தன்மை எத்தனை தலைவர்களிடம் உண்டு?

நம் நாட்டோடும் அவருக்குத் தொடர்பு உண்டு. 1934 சனவரியில் பீகாரை உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பின், 55 வயதை நெருங்கிய செரசோல் இங்கே வந்தார். காந்தியடிகளையும் இராசேந்திர பிரசாத்தையும் கண்டு பேசினார். மீண்டும் மீண்டும் வந்து, 1937 வரை, கைவிரல் எண்ணிக்கையில் அடங்கும் ஐரோப்பியத் தோழர்களுடன் புதுக் குடியிருப்புகள் எழும்பத் துணைநின்றார். பெரிய தொகையோ பெரிய படையோ அவர்களிடம் இல்லை.

இனி என் முகாமுக்கு வருகிறேன்.

நாங்கள் ஒன்பது நாடுகளைச் சேர்ந்த 14 பேர். வைக்கோல் சேமிக்கும் மரக்கொட்டகையின் மேல்தளமே எங்கள் படுக்கையறை. குளிர்காலப் பனிச்சரிவு மலையிலிருந்து கற்களையும் முறிந்த கிளைகளையும் வாரிவந்து புல்வெளிகளில் கொட்டிவிடும். புல் வளர்ந்து அவற்றை மூடுமுன் அகற்றியாக வேண்டும். இல்லையேல் அறுவடைக் காலத்தில் அரிவாளின் வாய் கல்லில் பட்டு முறியும். மாடுகளுக்குக் குளிர்காலத் தீவனம் அந்தப் புல்தான். வேலை இவ்வளவே: கல் பொறுக்குவது, சுமப்பது, கொட்டுவது.

முகாமின் தலைவி டென்மார்க்கைச் சேர்ந்த செவிலிய மாணவி. வயது 23 இருக்கும். அவர் சொற்பொழிவு ஆற்றுவார் என்று முதல் நாள் காலை அனைவரும் வரிசையாக நின்றோம். அவரோ புல்வெளிக்கு உரிமையுள்ள 65 வயது மூதாட்டியை முன்னே நடக்கவிட்டுத் தாம் பின்னே சென்றார். அம்மூதாட்டி கைத்தடியால் சுட்டிச் சுட்டிக் காட்டியதை மொழிபெயர்த்ததைத் தவிர அன்று அவர் வேறெதுவும் பேசவில்லை.

இரண்டாம் வாரத்தில் பொறியியல் மாணவர் இருவர் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தனர். பொறுக்கிய கற்களை வீணே ஓடையில் கொட்டுவானேன்? மேட்டில் ஒரு சுவர் எழுப்பி, ஒன்பது நாடுகளின் பெயர்களையும் பொறித்துவிட்டால் நினைவுச் சின்னமாக நிற்குமே! பலருக்கு அது பிடித்திருந்தது. தலைவி வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மூதாட்டியை அழைத்துக் கேட்டார். "சுவர் அழகாகத்தான் இருக்கும். அடுத்த பனிச்சரிவில் அந்தக் கற்களும் என் புல்லுக்குள் வந்து சேரும்" என்றார் அவர். மறுநாள் முதல் கற்கள் ஓடைக்கே சென்றன. எங்கள் பெயர்கள் அந்த மலையில் எங்கும் இல்லை.

சமையல் முறை வைத்து நடந்தது. ஆண் பெண் வேறுபாடு கிடையாது. தொடக்க கால முகாம்களில் ஆண்கள் மண்வெட்ட, 'சகோதரிகள்' எனப்பட்ட பெண்கள் சமையலும் துணி துவைத்தலுமாக இருந்தார்களாம். காலப்போக்கில் அது மாறியிருக்கிறது. நம் வீட்டுப் பையன்கள் வெளிநாட்டுக்குப் போய்க் கற்க வேண்டியவற்றுள் பாத்திரம் கழுவுதலும் ஒன்று என்பது என் கருத்து. அதை வீட்டிலேயே கற்பித்துவிட்டால் விமானச் செலவு மிச்சம்.

கற்களைச் சுமக்க இரு கழிகளுக்கு நடுவே பலகை அறைந்த சுமைத்தட்டு ஒன்று தந்தார்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் பிடிக்க வேண்டும். சரிவில் இறங்கும்போது பாரம் முழுவதும் முன்னவர் மேல் சாயும். ஆனால் அவருக்குப் பின்னவரின் கால் தெரியாது. எனவே நில் என்று சொல்லும் உரிமை பின்னவருக்கே. அவர் குரல் கேட்டதும் முன்னவர் காரணம் கேளாமல் நின்றுவிட வேண்டும். அந்தத் தட்டின் மறுமுனையில் எனக்கு வாய்த்தவர் பாகிஸ்தானின் லாகூர் நகரத்து இளைஞர்.

என் மூத்த அண்ணன் 1971ஆம் ஆண்டுப் போரில் கிழக்கு முனையில் இருந்தவர். வலக்கையில் இரண்டு விரல்களை இழந்து வந்தவர். அந்த விரல்களைப் பார்த்தே நான் வளர்ந்தேன். முதல் வாரம் முழுவதும் அதைப் பற்றி நான் வாய்திறக்கவில்லை. அவரும் என்னிடம் நாடு, அரசு என எதுவும் பேசவில்லை. ஒருநாள் இரவு சமையற்கட்டில் இருவரும் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருக்கையில், என் வீட்டில் யார் யார் என்று கேட்டார். அண்ணனைப் பற்றிச் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார். டாக்காவில் படைகள் சரணடைந்தபோது இந்தியாவிடம் சிறைப்பட்ட சுமார் 93,000 பேரில் அவருடைய சித்தப்பாவும் ஒருவர். 1974இல்தான் வீடு திரும்பினாராம். அதுவரை அவருடைய பாட்டி ஒவ்வோர் இரவும் ஒரு தட்டில் கூடுதலாக உணவு எடுத்து வைப்பாராம். இருவருக்கும் ஆங்கிலம் அரைகுறை. அதற்குமேல் சொல்ல எங்களிடம் மொழி இல்லை. சற்று நேரம் கழித்து, "உப்புப் போட்டாயா?" என்று கேட்டார். போடவில்லை என்றேன். அவரே போட்டார்.

ஊர் திரும்பி அண்ணனிடம் இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். சினம் கொள்வாரோ என்று அஞ்சினேன். அவர் வெகுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "அந்தச் சித்தப்பா இப்போது எப்படி இருக்கிறாராம்?" என்றார். அதைக் கேட்டு லாகூருக்குக் கடிதம் எழுதினேன். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது: நலம், கண்பார்வை மட்டும் குறைவு.

நண்பரின் மகளைப் பொறுத்தவரை, போகட்டும் என்றுதான் சொன்னேன். ஜெர்மானிய அரசு 2008இல் தொடங்கிய 'வெல்ட்வேர்ட்ஸ்' என்ற திட்டம் முதலில் தம் நாட்டு இளைஞரை ஆசிய, ஆப்பிரிக்க, இலத்தீன் அமெரிக்க நாடுகளுக்கு அனுப்புவதாக மட்டுமே இருந்தது. 2013 முதல் அந்நாடுகளின் இளைஞரும் ஜெர்மனிக்குச் சென்று தொண்டாற்ற வழி செய்தது. இது நல்ல மாற்றம். செல்வ நாட்டவர் தொண்டு செய்வதும் ஏழை நாட்டவர் பெற்றுக்கொள்வதுமாக இருந்தால் அதற்குப் பரிமாற்றம் என்று பெயரில்லை. இரண்டே வாரம் வந்து, ஆதரவற்ற பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சிப் படம் எடுத்துக்கொண்டு, அவர்கள் ஒட்டிக்கொண்ட வேளையில் புறப்பட்டுவிடும் 'தொண்டர்'களையும் நாம் பார்த்திருக்கிறோம். அந்தப் பெண்ணிடம் ஒன்றே கேட்டேன்: அங்கே உனக்கு வேலை சொல்பவர் யார் என்று அறிவாயா? அந்த இல்லத்தில் வாழ்பவர்களே, எப்படித் தங்களைத் தூக்க வேண்டும், எப்படி ஊட்ட வேண்டும் என்று சொல்வார்களாம். கடிதத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள் என்றாள். நல்ல இடம் என்று தெரிந்துகொண்டேன்.

அவள் தாயிடம் மட்டும் இன்னொன்று சொன்னேன். அங்கே இருக்கும் ஓராண்டு அவ்வளவு கடினமானதன்று. திரும்பி வந்தபின் வருவதே கடினம்.

1988இல் எங்கள் ஊர்க் கண்மாயின் வரத்துக்கால் தூர்ந்து, சீமைக் கருவேலம் மண்டிக்கிடந்தது. மன்றத்து இளைஞர் 31 பேர் மண்வெட்டியும் கடப்பாரையுமாகத் திரண்டோம். எங்கே வெட்டுவது, எவ்வளவு ஆழம், எந்தக் கரையில் மண்ணைப் போடுவது என்பதெல்லாம் ஊரில் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் நீர்ப்பாய்ச்சி. நாற்பது ஆண்டுகளாக மடை திறந்து மடை அடைப்பவர், சேரியில் குடியிருப்பவர். பள்ளிக்கூடம் போகாதவர். ஊரில் பத்து வயதுச் சிறுவனும் அவரைப் பெயர் சொல்லி ஒருமையில் அழைப்பான். மலைச்சரிவில் மூதாட்டி முன்னே நடந்தது என் நினைவில் இருந்தது. "தாத்தா, நீங்கள் முன்னே நடங்கள், சொல்லுகிற இடத்தில் வெட்டுகிறோம்" என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு நடந்தார்.

அன்று மாலையே முணுமுணுப்பு எழுந்தது. வேலை கடினம் என்று யாரும் சொல்லவில்லை. யார் சொல்லி யார் கேட்பது என்பதே பேச்சு. இரண்டாம் நாள் வந்தவர்கள் 14 பேர். விலகியவர்களுள் எங்கள் மன்றத் தலைவரும் ஒருவர். என் வீட்டிலும் இரண்டு நாள் யாரும் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை, அண்ணனைத் தவிர. மூன்று கை விரல்களால் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் நாள் அவரும் வந்து சேர்ந்தார்.

பதினாறு நாள் வேலை நடந்தது. ஐப்பசி மழையில் கண்மாய்க்குத் தண்ணீர் வந்தது. நிரம்பவில்லை, முக்கால் அளவு வந்தது. பெரியவர் கரைமேல் நடந்து பார்த்துவிட்டு வந்து, "தம்பி, வரத்துக்கால் வாய் இன்னும் அரையடி இறங்கணும். அடுத்த வருசம் எத்தனை பேர் வருவீங்க?" என்று கேட்டார்.

அடுத்த ஆண்டு 19 பேர் போனோம்.