அழுக்கணவனும் ஒரு சின்னக் குளவியும்

ரெக்ஸாஸுக்கு வந்து சேர்ந்த எங்கள் குடும்பங்கள் வீட்டுப் பின்வளவில் முதலில் நடுவது கத்தரி, மிளகாய், வெண்டி, பயற்றை. கொடி ஏறத் தொடங்கியதும் பயற்றங் கொழுந்தில் அழுக்கணவன் அப்பிவிடும். (தமிழ்நாட்டுப் புத்தகங்களில் அசுவினி என்பார்கள்.) ஊரில் என்றால் சாம்பல் தூவுவோம். இங்கே அடுப்பில் சாம்பல் ஏது? கடையில் ஒரு போத்தல் மருந்து வாங்கி வந்து அடிக்கிறோம். பிள்ளைகளோ அந்தக் காயைக் கழுவாமலே பிடுங்கிக் கடிக்கின்றன. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

மருந்து அடிக்குமுன் இலையைத் திருப்பிப் பாருங்கள். கூட்டத்துக்குள் சில மட்டும் ஊதிப் பருத்து, வைக்கோல் நிறமாக, அசையாமல் ஒட்டிக் கிடக்கும். அது நோயல்ல. லைசிபிளிபஸ் என்னும் குளவி அவற்றுக்குள் முட்டை விட்டிருக்கிறது. குளவி என்றதும் பயப்பட வேண்டாம். அது எள்ளளவுதான், மனிதரைக் கொட்டாது. முட்டையில் வரும் புழு அழுக்கணவனை உள்ளிருந்தே தின்று தீர்த்து, இரண்டு கிழமையளவில் வட்டமாய்த் துளை போட்டுக் குளவியாக வெளியே வரும். தொழிற்சாலையில் எங்களோடு நிற்கும் ஒருவர் கமக்காரர் வீட்டுப் பிள்ளை. அவர் காட்டித்தான் இதைப் பார்க்கப் பழகினோம்.

இந்நாட்டுக் கமக்காரருக்கு இது புதிதல்ல. 1907இல் பச்சை அழுக்கணவன் ரெக்ஸாஸ் தொடக்கம் கன்சாஸ் வரை கோதுமையை அழித்தது. கன்சாஸ் பல்கலைக்கழகத்து ஹன்ரர் என்பவர் குளவிகளைப் பிடித்து வயல்களுக்கு அனுப்பினார். குளவி அங்கெல்லாம் முன்னமே இருக்கிறது, குளிர்தான் அதைத் தடுக்கிறது என்று அரசாங்கப் பூச்சியியலாளர்கள் வாதாடினார்கள். குளிரிலும் அழுக்கணவன் பெருகும், குளவியோ முடங்கிக் கிடக்கும். வெயில் ஏறினால்தான் கணக்குத் தீரும்.

சரி, ஐப்பசி வாக்கில் விதைத்த கோதுமையை வைகாசி, ஆனியில் வெட்டிவிடுகிறார்கள். பிறகு குளவி எங்கே போகும்? இறுங்குக்குப் போகும். தமிழ்நாட்டார் சோளம் என்பது இதைத்தான். இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் விதைத்து மாட்டுக்குப் போடுகிறார்கள். நாங்கள் பிட்டு அவித்துத் தின்ற தானியம்! 1968 தொடக்கம் பச்சை அழுக்கணவன் இறுங்கையும் பிடித்துக்கொண்டது. அதைவிடப் பருத்தியில் வேறொரு இனம், களைகளில் இன்னொன்று. நூறுக்கு மேற்பட்ட இனங்களில் இந்தக் குளவி முட்டை விடும். ஒன்று முடிய மற்றது. எல்லாவற்றையும் ஒரேயடியாக மருந்தடித்துக் கொன்றால் அடுத்த போகத்துக்குக் குளவி இராது. அழுக்கணவன் மட்டும் எங்கிருந்தாவது பறந்து வந்துவிடும்.

2013இல் போமன்ற் நகருக்கு அருகே இறுங்கில் புதிதாய்க் கரும்பு அழுக்கணவன் கண்டார்கள். 2015 முடியுமுன் 17 மாநிலங்களுக்குப் பரவிவிட்டது. எங்கள் குளவிக்கு அது ஒத்துவரவில்லை. முட்டை விட்டாலும் குஞ்சு தேறுவது குறைவு. அபெலினஸ் என்ற வேறொரு குளவி அதைக் கையில் எடுத்தது. அது முட்டை விட்ட அழுக்கணவன் கறுத்துப் போகும். வயலில் இறுங்கு இல்லாத காலத்தில் அந்தக் குளவிக்கு இரை வேலியோரத்து ஜோன்சன் புல்லில் கிடைக்கிறது. கமக்காரர் சபிக்கிற களை அது. ஆனால் தெற்கு ரெக்ஸாஸில் கரும்பு அழுக்கணவனும் அதே புல்லில்தான் மாரியைக் கழிக்கிறது. புல்லை விடுவதா வெட்டுவதா என்பது லேசான கேள்வியல்ல.

வீட்டு வளவில் அவ்வளவு சிக்கல் இல்லை. அலரியில் பிடிக்கும் மஞ்சள் அழுக்கணவன் அலரிக்கும் எருக்கலைச் சாதிக்கும்தான் போகும், பயற்றைக்கு வராது. குளவி அதிலும் முட்டை விடும், ஆகவே அதற்கு மருந்து அடிக்காதீர்கள். பயற்றையில் கூடிவிட்டால் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீச்சுங்கள். உயிருள்ளவை விழுந்துவிடும். ஊதின கோதுகள் இலையோடு பசை போட்டு ஒட்டியிருப்பதால் லேசில் கழராது. துளை விழுந்த கோதிலிருந்து குளவி போய்விட்டது. துளையில்லாததற்குள் இன்னும் ஆள் இருக்கிறது, அந்த இலையைக் கிள்ளாதீர்கள்.