ஒரே ஒரு எழுத்து

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கோங்க மக்களே.

2001. புனேக்கு வந்து பொட்டி தட்ட ஆரம்பிச்ச ரெண்டாவது வருஷம். கம்பெனிக் கணக்கு மொத்தமும் மேல்மாடியில ஒரு லினக்ஸ் பொட்டியில இருந்துச்சு. டேப் டிரைவ் இருந்ததோ கீழ்மாடியில வேற பொட்டியில. இன்னொரு டிரைவ் வாங்க டேமேஜருக்கு மனசு வரலை. "நெட்வொர்க் வழியா எடுத்துக்கோ"ன்னுட்டார்.

யூனிக்ஸ்ல அது பெரிய வித்தையில்லை. டார் கமாண்ட் ஃபைல்களை ஒண்ணாக் கட்டி வெளிய தள்ளும். அதை பைப் போட்டு ஆர்எஸ்எச்கிட்ட கொடுத்தா, அந்தப் பக்கம் டிடி வாங்கி டேப்புல எழுதும். ஆர்எஸ்எச் எதையும் மறைச்சு அனுப்பாது, இன்னைக்கு அந்த இடத்துல எஸ்எஸ்எச்தான். ஒரே ஒரு சிக்கல், நெட்வொர்க்ல டேட்டா துண்டு துண்டா வரும். டிடி அதை அப்படியே எழுதினா டேப்புல பிளாக் அளவு கோணல்மாணலாயிடும். அதனால ஓபிஎஸ் போட்டு, டார் வழக்கமா எழுதற 10,240 பைட் அளவுக்கு சேர்த்து எழுதச் சொல்லணும். இதையெல்லாம் மேன் பேஜ் படிச்சு சரியாப் பண்ணிட்டேன். பெருமை தாங்கலை.

ஸ்கிரிப்ட்ல மூணு வரி. முதல்ல கணக்கு, அப்புறம் ஹோம், கடைசியா எட்ஸி. திங்கள் முதல் வெள்ளி வரை அஞ்சு டேப். தினமும் காலையில லாக் பார்ப்பேன். உள்ள வந்த பிளாக்கும் வெளிய போன பிளாக்கும் சரியா இருக்கும்.

அக்டோபர்ல டிஸ்க் மண்டையப் போட்டுச்சு. டேப்பை மாட்டினேன். எட்ஸி மட்டும்தான் இருந்துச்சு. அஞ்சு டேப்புலயும் அதேதான்.

நான் எழுதினது எஸ்டி0ன்னு. அந்தப் பேர்ல எழுதினா ஒவ்வொரு வரி முடிஞ்சதும் டேப் தானா ஆரம்பத்துக்கு சுத்திடும். அடுத்த வரி அதுக்கு மேலயே எழுதும். முன்னாடி ஒரு 'என்' சேர்த்து என்எஸ்டி0ன்னு போட்டிருந்தா நின்ன இடத்துலயே நின்னிருக்கும். பழைய கணக்கோட மிச்சம் டேப்புல பின்னாடி இருந்திருக்கும்தான். ஆனா கடைசியா எழுதின இடத்தைத் தாண்டி டிரைவ் படிக்காது.

டேமேஜர் வந்து, "டேப் கெட்டுப்போச்சா?"ன்னார்.

"ஆமா சார்"னுட்டேன்.

ஏப்ரல்லேர்ந்து ஆறு மாசக் கணக்கை வவுச்சர் பார்த்து மறுபடி அடிச்சவர் எங்க கணக்குப் பிரிவு காகா. காகான்னா மராத்தியில சித்தப்பா, பறவையில்லை. தீபாவளிக்கு ஊருக்கு எடுத்த டிக்கெட்டை கேன்சல் பண்ணிட்டு நானும் பக்கத்துல உக்காந்து வாசிச்சேன். அவர் வீட்டுலேர்ந்து எனக்கும் சேர்த்து சக்லி கொண்டுவந்தார். அதைத் தின்னும்போதுதான் தாங்க முடியாம என் அரைகுறை இந்தியில உண்மையைச் சொன்னேன்.

மனுஷன் கோவப்படலை. "நான் தினமும் காசை எண்ணிட்டுத்தான் பெட்டியைப் பூட்டுவேன். நீ பூட்டு தொங்குதான்னு மட்டும் பார்த்திருக்கே"ன்னார். அப்புறம் அடுத்த வவுச்சரை வாசிக்கச் சொன்னார்.

டேமேஜர்கிட்ட கடைசிவரை சொல்லலை. அவர் டேப் பிராண்டையே மாத்திட்டார்.

அதுக்கப்புறம் மூணு கம்பெனி மாறியாச்சு. இப்ப டேப்பும் இல்லை, ஆர்எஸ்எச்சும் இல்லை. ஆனா மாசம் ஒருதடவை, யாரும் கேக்காமலே, பேக்கப்புலேர்ந்து ஏதாவது ஒரு ஃபைலைத் திரும்ப எடுத்து முழுசாத் திறந்து பார்ப்பேன்.

காகாவுக்காக எண்ணிப் பார்க்கறதுன்னு வச்சுக்கோங்களேன்.