ஏற்றத்தில் இளைத்த எஞ்சின்

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டபோது, விடுதி வாழ்க்கை, விளையாட்டு மைதானம், பிரார்த்தனை மண்டபம் என்றவாறு ஏதேனும் எழுதுவோமென்றே எதிர்பார்த்திருப்பர். அவற்றை எம்மிலும் வல்லார் எழுதுவர். நாம் எழுதப் புகுவது ஒரு பழைய லாண்ட்றோவர் வண்டியைப் பற்றியாகும். கல்லூரி மலரில் மோட்டார் வண்டிக்கு என்ன இடமென்று வினவுவோர் சற்றே பொறுத்தருள வேண்டுகின்றோம்.

வண்டி 1959ஆம் ஆண்டில் ஆக்கப்பட்டது; இரண்டாம் தொடர் வகையைச் சேர்ந்தது; 2286 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய நான்கு சிலிண்டர்ப் பெற்றோல் எஞ்சின் பூண்டது. புதிதாயிருந்த காலத்தில் 77 பரிவலு தரவல்லது. எம் தந்தையார் அதனை இரண்டாங் கையாக வாங்கி, தோட்டத்துக்கும் ஊர்த் தேவைக்கும் ஓட்டி வந்தார். 2003ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின் வண்டி மீசாலையில் உறவினர் வளவொன்றில் நெடுநாள் ஓலைக் கொட்டிலின் கீழ் நின்றது. போர் முடிந்த சில ஆண்டுகளின் பின் அதனை மீண்டும் தெருவுக்குக் கொணர்ந்தோம். யாழ்ப்பாணத்துச் சமதரையிலே அது குறையொன்றும் காட்டவில்லை. மேடென்று சொல்லத்தக்க ஒன்று நம் குடாநாட்டில் ஏது?

2014ஆம் ஆண்டு தை மாதத்திலே குடும்பத்தோடு ரம்பொடை ஆஞ்சநேயர் கோயிலுக்குப் புறப்பட்டோம். புசல்லாவையைக் கடந்ததும் எஞ்சின் இளைக்கத் தொடங்கிற்று. மூன்றாம் கியரில் ஏறவேண்டிய இடத்தில் இரண்டாவது. இரண்டாவது போதுமான இடத்தில் முதலாவது. பின்னால் பேருந்துகள் ஒலியெழுப்பின. பிள்ளைகள் இறங்கி நடந்தனர். கடல் மட்டத்திலிருந்து ஏறும் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும், காற்று அடர்த்தி குறைவதால், எஞ்சின் தன் வலுவில் நூற்றுக்கு மூன்று பங்களவு இழக்குமென்பது நாம் அறியாததன்று. ஆயினும் அவ்விழப்பைக் கழித்துப் பார்த்தாலும் எமது வண்டியின் சோர்வு மிகுதியே.

ஊர் திரும்பியதும், கல்லூரியில் எம்முடன் ஒரே வாங்கிலிருந்து கற்ற நண்பரொருவரின் கராச்சுக்கு வண்டியைக் கொண்டு சென்றோம். அவர் பிளக்குகளைப் பார்த்தார். டப்பெற் இடைவெளி பார்க்கவென மேல்மூடியைக் கழற்றினார். கழற்றியவர் சிறிது நேரம் பேசாது நின்றார். பின்பு, “ஹெட்டைக் கழற்றிப் பார்க்க வேணும்” என்றார். ஏனென்று கேட்டோம். “பார்த்தாற்றான் சொல்லலாம்” என்றார். அவர் என்றும் சொற் சுருக்கமுடையவர். எமக்கோ வரப்போகும் பட்டியலே கண்முன் நின்றது. “வேலை குறைந்த காலத்தில் எல்லா எஞ்சினுக்கும் ஹெட் கழற்றத்தான் வேண்டும்போலும்” என்று ஒரு சொல் சொல்லிவிட்டோம். அவர் மேல்மூடியைப் பூட்டி, கையைத் துடைத்து, கூலியென்று ஒரு சதமும் வாங்காது எம்மை அனுப்பிவைத்தார். அன்றுமுதல் எட்டு ஆண்டுகள் எமக்கிடையே பேச்சில்லை. பழைய மாணவர் சங்கக் கூட்டங்களில் அவர் ஒரு மூலையிலும் நாம் ஒரு மூலையிலுமாக அமர்வோம்.

இடையில் வேறு கராச்சுகள் பல கண்டோம். ஒருவர் காபரேட்டரை மாற்றினார். ஒருவர் கொயிலை மாற்றினார். ஒருவர் பெற்றோல் பம்பை மாற்றினார். வண்டி மாறவில்லை. “ஐயா மண்ணெண்ணெய் விட்டு ஓடி எஞ்சினைக் கெடுத்துவிட்டார்” என்று கேட்போர்க்கெல்லாம் சொல்லி எம் மனத்தைத் தேற்றிக்கொண்டோம். 1990ஆம் ஆண்டுக்குப் பின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்த காலத்தை மூத்தோர் மறந்திரார். சிறு போத்தலிலிருந்து நாலு துளி பெற்றோலைக் காபரேட்டரில் ஊட்டி எஞ்சினை உயிர்ப்பித்து, பின் மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. தந்தையார் அவ்வாறே இரவிரவாக நோயாளரையும் பிள்ளைப்பேற்றுக்குரியவரையும் ஆசுபத்திரிக்கு ஏற்றிச் சென்றாரென அயலார் சொல்லக் கேட்டிருக்கிறோம். நாம் அப்பொழுது கொழும்பிலே உத்தியோகத்திலிருந்தோம்.

2022ஆம் ஆண்டில் நாடெங்கும் பெற்றோல் தட்டுப்பாடு வந்தது. வண்டி வீட்டில் நின்றது. நாமும் ஓய்வு பெற்று வீட்டிலிருந்தோம். அப்பொழுதுதான் எம் இரசாயன ஆசிரியரின் நினைவு வந்தது. தெரியாத உப்பொன்றைத் தந்து பகுத்தறியச் சொல்வார். நிறத்தைக் கண்டதும் பெயரை எழுதிவிடும் மாணவனுக்கு அவர் இடுவது பூச்சியமே. பெயர் சரியாயிருப்பினும் பூச்சியமே. முதலாந் தொகுதியை விலக்கிய பின்பன்றோ இரண்டாந் தொகுதி! அம்முறையை வண்டிக்குக் கையாள்வதெனத் துணிந்தோம்.

எஞ்சினுக்கு முன், வண்டியைத் தடுப்பது வேறெதுவுமுண்டோ என்று பார்த்தோம். சில்லுகளை ஒவ்வொன்றாய் உயர்த்திச் சுழற்றினோம். பிறேக் எங்கும் பிடித்து நிற்கவில்லை. கிளச் வழுக்கவில்லை. பின் மகனை ஆசனத்திலிருத்தி அக்சிலறேற்றரை அடிவரை மிதிக்கச் செய்து, காபரேட்டரின் வாயில் முற்றாகத் திறக்கின்றதாவென நோக்கினோம். பலர் இதனைப் பார்ப்பதேயில்லை. மிதி அடியைத் தொட்டும் வாயில் பாதியே திறக்கும் வண்டிகள் உள. எம்முடையது முழுதும் திறந்தது. காற்று வடியின் எண்ணெயை மாற்றினோம். தாங்கி மூடியின் மூச்சுத் துவாரம், பம்பின் அடிக்கிண்ணம் இரண்டும் துப்புரவாயிருந்தன. டிஸ்டிரிபியூட்டர்ப் பொயின்ற் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பதினைந்து பங்கு, சரி. தீப்பொறியை முற்படுத்தும் சிறு பாரங்கள் துருவேறி இறுகியிருந்தன. அவற்றை இளக்கினோம். சற்றே உயிர் வந்தது. ஆனால் நோய் அதுவன்று. சைலன்சர்க் குழாயைக் கழற்றிவிட்டும் ஓட்டிப் பார்த்தோம். அயலார் சினந்ததன்றி வேறு பயனில்லை.

எஞ்சியது அமுக்கம். நான்கு பிளக்கையும் கழற்றி, காபரேட்டர் வாயிலைத் திறந்து வைத்து, மானியைப் பொருத்திச் சுழற்றினோம். 98, 100, 97, 99 இறாத்தல் காட்டிற்று. குறைவுதான், ஆனால் நான்கும் ஒரே குறைவு. தேய்வென்பது சிலிண்டர்களைச் சமமாய்ப் பங்கிட்டுக்கொள்வது அரிது. ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எண்ணெய் வார்த்து மீண்டும் அளந்தோம். பிஸ்ரன் வளையங்கள் தேய்ந்திருப்பின் எண்ணெய் இடைவெளியை அடைத்து அமுக்கத்தை நன்றாக உயர்த்தும். இங்கோ அற்பமே உயர்ந்தது. உட்குழாயில் வெற்றிட மானியை வைத்தபோது ஊசி 17 அங்குலத்தில் அசையாது நின்றது. ஆகவே வால்வுகளும் கசியவில்லை. கசிவில்லை, தேய்வில்லை, ஆயினும் அமுக்கமில்லை. உப்புப் பகுப்பில் எல்லாத் தொகுதியும் முடிந்து குழாயில் ஒன்றும் படியாத மாணவனைப்போல இருந்தோம்.

டப்பெற் இடைவெளியை மீண்டும் பார்க்க மேல்மூடியைக் கழற்றியபோதுதான் கண்டோம். எட்டுத் திருகுகளும் வழக்கத்தினும் மிகக் கீழிறங்கி, புரியின் முடிவை அண்மி நின்றன. நண்பர் பேசாது நின்றது இதனைப் பார்த்தேயாகும். தள்ளுகோல்கள் பழையனவாயிருக்கத் திருகுகள் இத்தனை இறங்கவேண்டுமாயின், ஹெட் தன் இடத்தினின்றும் உயர்ந்திருத்தல் வேண்டும்.

மறுநாள் ஹெட்டைக் கழற்றினோம். ஒரு காஸ்கெற் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு இருந்தன. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ இரண்டு மில்லிமீற்றர்த் தடிப்புள்ள அலுமினியத் தகடொன்று இருந்தது. சிலிண்டர்த் துவாரங்களும் நீர், எண்ணெய் வழிகளும் அரத்தால் அராவிச் செவ்வையாக்கப்பட்டிருந்தன. மண்ணெண்ணெய் அமுக்கம் தாங்காது. தாங்காதவிடத்து எஞ்சின் தட்டும். தொடர்ந்து தட்டினால் பிஸ்ரன் உடையும். அதனாற் றந்தையார் ஏழுக்கு ஒன்றாயிருந்த அமுக்க விகிதத்தை ஏறக்குறைய ஆறுக்கு ஒன்றாகத் தாழ்த்தியிருக்கின்றார். சிலிண்டர்ச் சுவர்களில் விரலோட்டிப் பார்த்தோம். மேல்விளிம்பிலே விரலுக்குத் தட்டுப்படத்தக்க வரம்புதானும் இல்லை. அவர் கெடுத்துவிட்டாரென நாம் ஊரெல்லாம் சொன்ன எஞ்சின் அது.

புதுக் காஸ்கெற் ஒன்றை மட்டும் இட்டுப் பூட்டினோம். மானி நான்கிலும் 125க்கு மேல் காட்டிற்று.

அன்று பின்னேரமே தகட்டைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டு நண்பரின் கராச்சுக்குச் சென்றோம். சொல்லவேண்டியதை வாசலிலேயே சொல்லிவிட்டோம். இல்லாவிடின் சொல்லாமலே திரும்பியிருப்போம். அவர் அதற்கு விடையொன்றும் கூறவில்லை. தகட்டை வெளிச்சத்தில் பிடித்துத் துவாரங்களின் விளிம்பை விரலால் தடவினார்.

“ஹெட் உயர்ந்திருக்கெண்டு அண்டைக்கே நினைச்சனான். உம்முடைய ஐயான்ரை வேலையெண்டு தெரியாது” என்றார். சிறிது பொறுத்து, “ஹெட்டைச் சூட்டோடை ஒருக்கால் திரும்ப இறுக்கினீரோ?” என்று கேட்டார்.

நாம் இறுக்கவில்லை. அவர் இறுக்குமானியை எடுத்துக்கொண்டு எம்முடனேயே புறப்பட்டார். தகட்டைத் தமக்குத் தரலாமாவென வழியிலே கேட்டார். அது இப்பொழுது அவருடைய கராச்சில், சாவிகள் தொங்கும் பலகைக்கு மேலே ஆணியில் மாட்டப்பட்டிருக்கின்றது.