ரெண்டு துண்டு ஸ்டேக்

1/ நேத்து ராத்திரி எங்க வீட்டுல ஸ்டேக்கும் சீஸ் பாஸ்தாவும். "கொலஸ்ட்ரால் பத்தி எங்களுக்கு அவ்வளவு வகுப்பு எடுத்துட்டு, நீங்களேவா டாக்டர்?"னு கேப்பீங்க. கேளுங்க. முழுசா படிச்சிட்டு கேளுங்க.

2/ இங்கிலாந்துல ஒரு மருத்துவமனையில வேலை பாக்குறேன். நேத்து மதியம் ஒரு பெரியவரைக் காப்பாத்த முடியல. (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) 40 நிமிஷம் சிபிஆர். அப்புறம் நேரத்தைக் குறிச்சிட்டு, வெளிய உக்காந்திருந்த அவர் மனைவிகிட்ட போய்ச் சொன்னேன்.

3/ அந்தம்மா அழல. கொஞ்ச நேரம் கழிச்சு, "வெள்ளிக்கிழமைன்னா அவருக்கு ஸ்டேக். ரெண்டு துண்டு வாங்கி ஃப்ரிட்ஜ்ல வச்சிருக்கேன். இப்ப இன்னொண்ணை என்ன பண்றது?"னு கேட்டாங்க. நான் படிச்ச எந்தப் புத்தகத்துலயும் இதுக்குப் பதில் இல்ல. பக்கத்துல உக்காந்தேன். அவ்வளவுதான் முடிஞ்சுது.

4/ வீட்டுக்கு வர்ற வழியில நானும் ரெண்டு துண்டு வாங்கினேன். ஏன்னு அப்ப தெரியல. மனைவிக்கு நைட் ஷிஃப்ட். நானும் 10 வயசுப் பையனும்தான்.

5/ கறியில உப்பு தடவி 45 நிமிஷம் வச்சேன். உப்பு முதல்ல தண்ணியை வெளிய இழுக்கும், அப்புறம் அது உள்ளயே திரும்பப் போகும். சட்டியில போடுறதுக்கு முன்னாடி ஈரத்தை ஒத்தி எடுத்துடுங்க. ஈரம் இருந்தா கறி அவியும், வறுபடாது. மேல்பக்கம் 140 டிகிரியைத் தாண்டினாத்தான் அந்தப் பழுப்பு நிறமும் வாசனையும். இறக்கினதும் 5 நிமிஷம் சும்மா விடணும்.

6/ பாஸ்தாவுக்கு 30 கிராம் வெண்ணெய், 30 கிராம் மைதா, அரை லிட்டர் பால். பாலைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக் கிளறணும். அடுப்பை அணைச்ச பிறகுதான் 150 கிராம் செடார். கொதிக்கும்போது போட்டா சீஸ் திரிஞ்சு எண்ணெய் தனியா நிக்கும். அவசரப்பட முடியாத வேலை. நேத்து எனக்கு அதுதான் வேண்டியிருந்துச்சு.

7/ கறியை வெட்டினதும் தட்டுல சிவப்பா தண்ணி. "அப்பா, ரத்தம்!"னான் பையன். ரத்தம் இல்லடா, மயோகுளோபின். தசைக்குள்ள ஆக்சிஜனைப் பிடிச்சு வைக்கிற புரதம்.

8/ முழுத் துண்டுல கிருமி பெரும்பாலும் மேற்பரப்புலதான் இருக்கும், சூட்டுல செத்துடும். கொத்துக்கறி அப்படி இல்ல. அரைக்கும்போதே கிருமி உள்ள கலந்துடும். அதை நடுப்பகுதி வரைக்கும் 70 டிகிரியில 2 நிமிஷமாவது வேகவிடணும். கர்ப்பிணிகளும் எதிர்ப்புசக்தி குறைஞ்சவங்களும் ஸ்டேக்கையும் நல்லா வேகவெச்சே சாப்பிடுங்க.

9/ "ஏன்ப்பா பேசவே மாட்டேங்குற?" வழக்கமா ஆஸ்பத்திரிக் கதையை வீட்டுல பேசமாட்டேன். நேத்து சொல்லிட்டேன், அந்த ரெண்டாவது துண்டு பத்தி. கொஞ்ச நேரம் யோசிச்சான். "அந்தப் பாட்டிக்கு பாஸ்தா பிடிக்குமா?"ன்னான். அப்பதான் எனக்குக் கண்ணு கலங்குச்சு.

10/ கொலஸ்ட்ராலுக்கு வருவோம். இது தினசரிச் சாப்பாடு இல்ல. வாரத்துக்கு சமைச்ச சிவப்பிறைச்சி 350 முதல் 500 கிராமுக்குள்ள இருக்கட்டும்னு உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் சொல்லுது. எங்க தட்டுல பாதி ப்ரோக்கோலி. இதயம், சிறுநீரகப் பிரச்சினை இருக்கறவங்க உங்க மருத்துவரைக் கேட்டுக்கோங்க.

11/ நம்ம ஊர்ல சாவு வீட்டுல அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டுல இருந்து சாப்பாடு வந்துடும். அந்தம்மா வீட்டுக்கு நேத்து யார் கொண்டு போனாங்களோ தெரியல. உங்க தெருவுல தனியாயிட்ட ஒருத்தர் இருந்தா, இன்னைக்கு ஒரு தூக்குவாளியோட போய்க் கதவைத் தட்டுங்க. ஸ்டேக்தான்னு இல்ல, ரசம் சாதம் போதும்.