நானும் ஆள் பிடித்தவன்தான்

ஜவ்வாது மலைப் பையன்களுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவன் என்று பல மேடைகளில் என்னை அறிமுகப்படுத்தியிருக்கிறார்கள். நானும் மறுத்ததில்லை. சால்வையை வாங்கிக்கொண்டு இறங்கியிருக்கிறேன். உண்மையில் நான் செய்தது, மலையிலிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கீழே விட்டது மட்டும்தான். போன இடத்தில் அவர்களுக்குக் கிடைத்தது வேலைதானா என்று நான் பார்க்கவில்லை. பார்த்தால் கணக்கு உதைக்கும் என்று தெரிந்தே பார்க்காமல் இருந்தேன்.

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப்படை சுட்டு 20 பேர் செத்தார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றது போலீஸ். திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்களே அதில் அதிகம். ஜவ்வாது மலையிலும் அதன் அடிவாரத்திலும் பல வீடுகளில் ஒரே நாளில் இழவு விழுந்தது. அதுவரை காவலூர் தொலைநோக்கிக்காகவும் பீமன் அருவிக்காகவும் பேப்பரில் வந்துகொண்டிருந்த மலை, அதன் பிறகு ‘செம்மரக் கூலிகளின் மலை’ ஆனது. இவர்களுக்கு வேறு வேலை கொடுத்தால் காட்டுக்குப் போக மாட்டார்கள் என்று எல்லோரும் பேசினார்கள். அது நியாயமான பேச்சுதான்.

அந்தச் சமயத்தில் அதற்கான பணமும் வந்துகொண்டிருந்தது. கிராமப்புற ஏழை இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வேலையில் அமர்த்தும் தீனதயாள் உபாத்யாய கிராமின் கௌசல்யா யோஜனா 2014 செப்டம்பரில் தொடங்கியிருந்தது. பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டம் 2015 ஜூலையில் வந்தது. இப்படிப்பட்ட பயிற்சி நடத்திய ஒரு நிறுவனத்தில் நான் சேர்ந்தேன். மலையில் ஆள் திரட்டுவது என் பொறுப்பு. நிதி கேட்டு நாங்கள் போட்டுக் காட்டிய விளக்கப் படங்களில் முதலாவது, சேஷாசலத்தில் வரிசையாகக் கிடத்தியிருந்த உடல்கள். இரண்டாவது, சீருடை போட்டுச் சிரிக்கும் எங்கள் மாணவர்கள். அந்த முதல் படத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான். அது போட்டதும் அறை அமைதியாகிவிடும், கேள்விகள் குறையும் என்பதைச் சீக்கிரமே கண்டுகொண்டேன்.

மலையில் ஆள் திரட்டுவதற்கு ஒரு பருவம் உண்டு. சாமை அறுப்பு முடிந்து கையில் வேலை குறையும் நாட்களில்தான் குடகுக்கும் சிக்மகளூருக்கும் ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரிகள் வருவார்கள். காபி பறிக்க, மிளகு பறிக்க, மொத்தக் குடும்பமாக. அதே நாட்களில் நானும் போவேன். அவர்கள் முன்பணத்தோடு போவார்கள், நான் நோட்டீஸோடு போவேன். ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஒரு ஊரில் ஒரு பாட்டி என்னை நேருக்கு நேர் கேட்டாள்: “மேஸ்திரி கையில துட்ட குடுத்துட்டு கூட்டினு போறான். நீ இன்னா குடுப்ப?” ‘கம்பெனி வேலை பாட்டி, பி.எஃப். பிடிப்பாங்க, இன்சூரன்ஸ் உண்டு’ என்றேன். அவள் நம்பிப் பேரனை அனுப்பினாள்.

திட்டத்தின் விதிப்படி, ஒருவர் வேலையில் அமர்ந்தார் என்று சொல்ல மூன்று மாதச் சம்பளம் வாங்கியதற்குச் சான்று வேண்டும். அதைக் காட்டினால்தான் அடுத்த தவணை. விதியின் நோக்கம் நல்லது. ஆனால் மூன்று மாதம் என்று எழுதியதும், எங்களுக்கு அதுவே வேலையின் முழு ஆயுளாகிவிட்டது. மாதம் ஒரு முறை போன் போட்டு நோட்டில் குறிக்க வேண்டும். “என்னப்பா, வேலையில இருக்கியா?” “இருக்கேன் சார்…” அந்த ‘சார்’ என்பதற்குப் பிறகு அவன் எதையோ சொல்லத் தொடங்குவான். ‘சரிப்பா, நல்லா இரு’ என்று நான் வைத்துவிடுவேன். கட்டத்தில் ‘ஆம்’ என்று எழுத அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

சம்பளச் சீட்டுகளை நான்தான் வாங்கிக் கோப்பில் சேர்த்தேன். இன்று அவற்றை நினைத்தால் ஒவ்வொரு வரியும் கண்ணில் நிற்கிறது. தலைப்பில் நான் மலையில் சொன்ன கம்பெனியின் பெயர் இருக்காது. ஆள் சப்ளை செய்யும் கான்ட்ராக்டரின் பெயர் இருக்கும். பதவி என்ற இடத்தில் ‘பயிலுநர்’. கீழே பிடித்தங்கள்: விடுதி, மெஸ், பஸ், சீருடை. பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்ற இரண்டு வரியிலும் சுழி. பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்தவனுக்குக் கையில் வந்தது, குடகில் குடும்பமே சேர்ந்து மிளகு பறித்துக் கொண்டுவருவதைவிடக் குறைவு. இதையெல்லாம் நான் படித்தேன். நான் தேடியது தேதியையும் கையெழுத்தையும்தான்.

அந்தப் பாட்டியின் பேரன் மூன்றாம் மாதம் ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிட்டான். பிரஸ் மெஷினில் இரண்டு விரல் நசுங்கியிருந்தது. கான்ட்ராக்டர் ஆள் வந்து பக்கத்து கிளினிக்கில் கட்டுப் போட்டு ரூமில் விட்டுப் போயிருக்கிறார். “ஊருக்குப் போறேன் சார்” என்றான். சம்பளத் தேதிக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. இப்போது கிளம்பினால் மூன்றாவது சீட்டு வராது. ‘ரூமிலேயே ரெஸ்ட் எடுப்பா, சம்பளம் போட்டதும் போயிடலாம்’ என்றேன். சொல் தட்டாத பையன், இருந்தான். சீட்டு வந்தது. எங்கள் அறிக்கையில் அவன் வெற்றிக் கணக்கில் ஏறினான்.

வேலையிடத்தில் காயம் பட்டால், சேர்ந்த முதல் நாளாக இருந்தாலும், குணமாகும் வரை சம்பளத்தில் 90 சதவீதம் தரும் ஏற்பாடு இ.எஸ்.ஐ.யில் இருக்கிறது. அது எனக்குத் தெரியும். ‘பயிலுநர்’ என்ற ஒரு சொல்லால் அவனை அதிலிருந்து விலக்கியது செல்லுமா என்று யாராவது போய்க் கேட்டிருக்க வேண்டும். அவன் தரப்பில் கேட்கக்கூடிய ஒரே ஆள் நான்தான். கேட்டால் அடுத்த தொகுதி மாணவர்களை அந்த இடம் எடுத்துக்கொள்ளாது. அதனால் கேட்கவில்லை. எங்கள் பாடத்தில் நேர்காணலில் எப்படி உட்கார வேண்டும் என்பதற்கு ஒரு வகுப்பு இருந்தது. விரல் போனால் எங்கே மனு கொடுக்க வேண்டும் என்பதற்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்கவில்லை.

அவன் மலைக்குத் திரும்பி, அப்பாவின் சாமைக் காட்டில் கூடமாட வேலை செய்தான். இங்கேதான் என் கதை நாட்டின் கதையோடு சேர்கிறது. ஒன்றிய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்புக்காரர் அவன் வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால், அவனை வேலையில்லாதவன் என்று எழுதியிருக்க மாட்டார். வாரத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே வாரக் கணக்கில் அவன் வேலையில் இருப்பவன். ஆண்டுக் கணக்கில், துணைத் தொழிலாக 30 நாள் செய்திருந்தால் போதும். சொந்தக் காட்டில் சம்பளமில்லாமல் உழைத்தாலும் ‘சுயதொழில்’ என்ற தலைப்பில் சேர்ந்துவிடுவான். ஒரு மணி நேர அளவுகோல் உலகம் முழுக்க உள்ளதுதான், அதில் மோசடி ஒன்றுமில்லை. அந்த எண்ணை மட்டும் எடுத்து மேடையில் காட்டும்போதுதான் மோசடி தொடங்குகிறது. என் நோட்டில் இருந்த ‘ஆம்’ அப்படிப்பட்ட எண்தான்.

2017-18இல் 6.0 சதவீதமாக இருந்த நாட்டின் வேலையின்மை 2023-24இல் 3.2 சதவீதமாக இறங்கியது. இதைச் சொல்லாத அமைச்சர் இல்லை. அதே கணக்கெடுப்பின் அடுத்த பக்கங்களை யாரும் மேடையில் படிப்பதில்லை. சுயதொழில் செய்வோரின் பங்கு 52.2 சதவீதத்திலிருந்து 58.4 ஆக ஏறியிருக்கிறது. மாதச் சம்பளக்காரர்களின் பங்கு 22.8இலிருந்து 21.7 ஆகக் குறைந்திருக்கிறது. வேலையில் இருப்பதாகக் கணக்கில் வரும் பெண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் குடும்பத் தொழிலில் கூலியில்லாத உதவியாள். விவசாயத்துக்கு வெளியே மாதச் சம்பளம் வாங்குவோரிலும் பாதிப் பேருக்கு மேல் எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் கிடையாது. ஆலைகளுக்கான வேறொரு கணக்கெடுப்பின்படி, பதிவுபெற்ற ஆலைகளின் தொழிலாளர்களில் 100க்கு 40 பேருக்கு மேல் கான்ட்ராக்ட் ஆட்கள். நான் கோப்பில் அடுக்கிய சம்பளச் சீட்டுகள்தான் இவை, கொஞ்சம் பெரிய அளவில்.

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் விடுதிச் சாப்பாட்டால் நோய்ப்பட்ட பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தபோதுதான், அந்த விடுதிகளில் என்ன நடக்கிறது என்று பலரும் கேட்டார்கள். நான் டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட விடுதிகளின் வாசல் வரை பிள்ளைகளைக் கூட்டிப்போய் விட்டவன். உள்ளே போய் ஒரு வேளை சாப்பிட்டுப் பார்த்ததில்லை.

பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தைப் பற்றிய தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. பயிற்சி பெற்றவர்களின் வங்கிக் கணக்கு எண் என்ற இடத்தில் வெறும் ஒன்றுகளாக அடித்து வைத்திருந்ததை அதில் கண்டுபிடித்திருந்தார்கள். நண்பர்கள் அதை அனுப்பிச் சிரித்தார்கள். நான் எண்களைப் பொய்யாக எழுதியவன் இல்லை, எல்லாம் உண்மையான சீட்டுகள் என்று முதலில் ஒரு பெருமை வந்தது. உண்மைச் சீட்டை வைத்தே பொய் சொல்ல முடியும் என்பதற்கு நான்தான் சாட்சி.

இப்போதும் திட்டங்கள் வருகின்றன. 2025 ஆகஸ்டிலிருந்து முதன்முறையாக வேலைக்குச் சேர்பவருக்கு 15,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை தருகிறார்கள். பாதி ஆறு மாதம் கழித்து, மீதி ஒரு வருடம் கழித்து. பி.எஃப். கணக்கு கட்டாயம். மூன்று மாதத்தைவிட ஒரு வருடம் மேல்தான், சந்தேகமில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், எல்லாத் தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்கின்றன. அதையும் வரவேற்கிறேன். ஆனால் கடிதம் கொடுத்தார்களா என்று போய்ப் பார்க்கப்போவது யார்? என்னைப் போல, எண்ணிக்கை கூடினால் சம்பளம் வாங்கும் ஒருவன் என்றால் விஷயம் முடிந்தது. ஆள் சேர்க்கிறவரும் ஆள் நலம் பார்க்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. நான் கற்றுக்கொண்ட பாடம் இது ஒன்றுதான்.

மலை மக்களுக்கு வேலை வேண்டாமா என்று கேட்கலாம். நிச்சயம் வேண்டும். ஜமுனாமரத்தூரில் மலை உழவர்களின் உற்பத்தியாளர் நிறுவனம் சாமையை அங்கேயே உமி நீக்கி விற்கிறது. நான் ஆள் திரட்டிய நாட்களில் இப்படி ஒன்றைப் பற்றி யோசித்ததே இல்லை. மலையிலேயே உருவாகும் வேலைக்கு எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது. கீழே இறக்கினால்தான் அது ‘வேலைவாய்ப்பு’.

அந்தப் பையன் இன்று மேஸ்திரியோடு குடகுக்குப் போய் வருகிறான். அவன் அம்மாவைச் சந்தையில் பார்த்தேன். என்னை அடையாளம் கண்டுகொண்டு, “சார், மறுபடி ஆள் எடுக்க வந்தீங்களா?” என்றாள். குரலில் கோபம் இல்லை. மேஸ்திரியையும் அவள் அதே குரலில்தான் விசாரித்திருப்பாள்.

இத்தனை ஆயிரம் பேருக்கு வேலை கொடுத்தோம் என்று எங்காவது தட்டி வைத்திருந்தால், வைத்தவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சம்பளச் சீட்டின் தலைப்பில் இருப்பது யார் பெயர்? பதில் சொல்லத் தடுமாறினால், எண்ணியவன் என்னைப் போன்ற ஒருவன் என்று முடிவுகட்டிக்கொள்ளுங்கள்.