அப்பாவுக்கு ஒரு நாய்: சிப்பிப்பாறையா, லேப்ரடாரா?

1/ "டாக்டர், ஏற்காட்டுல வீடு. நாய் வளர்க்கணும். லேப் வாங்கலாமா, நாட்டு நாய் வாங்கலாமா?"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். இதே கேள்விக்கு எங்க வீட்டுல மூணு மாசம் சண்டை நடந்துச்சு. அதையே சொல்றேன். கொஞ்சம் நீளமான த்ரெட்.

2/ எனக்கு இங்க அரசு மருத்துவமனையில வேலை. அம்மா தவறினதும் அப்பாவை விருதுநகர் பக்கத்துல இருந்து கூட்டிட்டு வந்துட்டேன். வயசு 71. பக்கவாதம் வந்து தேறினவர். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறார், கையில தடி. நான் நைட் டூட்டி போயிட்டா பேச ஆள் கிடையாது. ஒருநாள் அவரே கேட்டார்: "ஒரு சிப்பிப்பாறைக் குட்டி வாங்கிக் குடுப்பா."

3/ சிப்பிப்பாறை விருதுநகர் மாவட்டத்து ஊர். நாய்க்கும் அதே பேர். ஒல்லி உடம்பு, நீளக் கால், கண்ணால பார்த்துத் துரத்துற முயல் வேட்டை நாய். முயல் ஓடும்போது ஆள் எங்கயோ பின்னாடி நிப்பான். அவன் சொல்லட்டும்னு காத்திருந்தா முயல் போயிடும். அதனால தானா முடிவெடுக்கற நாயாவே தலைமுறை தலைமுறையா வளர்த்தாங்க. கூப்பிட்டா உடனே வராதது அடங்காமை இல்ல. அதோட தொழில் அது.

4/ லேப் நேரெதிர். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களுக்கு ஒத்தாசையா இருந்த நாய்களோட வழி வந்தது. இங்கிலாந்துல, சுட்டு விழுந்த பறவையை எடுத்துட்டு வரப் பழக்கினாங்க. மனுஷன் சொல்ற வரைக்கும் காத்திருக்கறதுதான் அதோட வேலை.

5/ ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். வறண்ட கரிசல் பூமி நாய்க்கு இந்த மார்கழிக் குளிர் கஷ்டம். சுத்தி காப்பித் தோட்டம், சரிவு. குரங்கு வரும், காட்டு மாடு வரும். எங்க வீட்டு வேலியோ இடுப்பு உயரம்தான்.

6/ என் பயம் வேற. கயிறு அப்பா கையில. குறுக்க ஒரு முயல். அவ்வளவுதான். இந்த வயசுல இடுப்பு எலும்பு முறிஞ்சா எழுந்து நடக்கறதே பெரும்பாடு. அந்த மாத்திரை சாப்பிடறவங்க தலையில அடிபட்டா உள்ள ரத்தக்கசிவு ஆபத்தும் அதிகம். முடியாதுன்னு சொல்லிட்டேன்.

7/ நாலு நாள் என்கிட்ட பேசல. அஞ்சாம் நாள் காப்பி குடிக்கும்போது, "நாய் மேல குத்தம் இல்ல. அது பின்னால ஓடுற கால் எனக்கு இல்ல. அதானே சொல்ற?"ன்னார். நான் பதில் சொல்லல.

8/ லேப் மட்டும் லேசு இல்ல. இளசா இருந்தா அதுவும் இழுத்துத் தள்ளும். 30 கிலோ எடை. தனியா விட்டா ஏங்கிப்போகும். கிடைச்சதெல்லாம் தின்னு குண்டாகி மூட்டு போகும். அதனால குட்டி வேண்டாம்னு, ஊரை விட்டுப் போற ஒரு குடும்பத்துகிட்ட இருந்து 5 வயசு பெண் நாயை எடுத்தோம். அதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் அப்பாவை தினமும் கூட்டிட்டுப் போய்ப் பழக்கினேன்.

9/ "இது நாயா? ஆட்டுக்குட்டி மாதிரி பின்னாலயே வருது"ன்னு இன்னைக்கும் திட்டறார். ஆனா நைட் டூட்டி முடிஞ்சு வந்தா, அவர் கால் மேல தலை வச்சுப் படுத்திருக்கு. அவர் அதுகிட்ட சின்ன வயசு முயல் வேட்டைக் கதை சொல்லிட்டிருக்கார். வேட்டை 1972 சட்டப்படி குத்தம். கதைக்குத் தடை இல்ல.

10/ உயரமான வேலி, தினமும் ஓடவிட இடம், கூட ஓட உடம்பு, கூப்பிட்டதும் வராட்டி கோபப்படாத மனசு இருந்தா தாராளமா நாட்டு நாய் வாங்குங்க. பெருமைக்கு வாங்கி நாள் முழுக்கச் சங்கிலியில கட்டிப்போடாதீங்க. வீட்டுல பெரியவங்க இருந்தா, பழகின நடுவயசு நாயைத் தேடுங்க.

11/ எந்த நாயா இருந்தாலும் வருஷா வருஷம் ரேபிஸ் ஊசி போடுங்க. கடிச்சா, அது உங்க வீட்டு நாயாவே இருந்தாலும், சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு அன்னைக்கே அரசு மருத்துவமனைக்கு வாங்க. ஊசி இலவசம்.