சதுப்புக்காட்டு சூனியக்காரி

ஆஸ்டகர் கோட்டைக்குத் தெற்கே ஒரு காடு இருக்கு, போயிருக்கீங்களா பாஸ்? 2009-ல் வந்த 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' கேம்ல வர்ற கொர்காரி வைல்ட்ஸ். சேறு, ஓநாய், இடிஞ்ச தூண்கள். பழைய ஒப்பந்தங்களைத் தேடிப் போனா, மாரிகன் வழிமறிப்பாள். சதுப்புக்குள்ளே அம்மா ஃப்ளெமத்தோட குடிசை. அங்கிருந்துதான் உங்ககூட கிளம்புவாள்.

வழியில யாருக்காவது சும்மா உதவினீங்களோ, மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவாள். (ஆனா சண்டைன்னு வந்தா நம்ம பக்கம்தான்!)

கடைசிப் போருக்கு முந்தின ராத்திரி ரெட்கிளிஃப் கோட்டையில பேரம் பேசுவாள். ஆர்ச்டீமனைக் கொல்ற வார்டன் செத்துடுவான். சாகாம தப்பிக்க ஒரு சடங்கு இருக்கு. அதுல உருவாகிற குழந்தைக்குள்ளே பழைய கடவுளோட ஆன்மா போயிடும். குழந்தை அவளுக்கு, பின்னாடி தேடி வரக்கூடாது. மறுத்தா அப்பவே நடையைக் கட்டிடுவாள்.

நான் சரின்னுட்டேன். ஜெயிச்சாச்சு, ஊரே கொண்டாடுது. கூட்டத்துல அவளைத் தேடினேன், காணோம்.